கொசுவின் மறை கண்ட சர் ரொனால்டு ராஸ்

நாம் குடியேறி வாழும் ஐதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரத்திற்கு மருத்துவ வரலாற்றில் அழியாப் புகழ் தேடித் தந்தவர் சர் ரொனால்டு ராஸ். 1857-இல் அல்மோராவில் பிறந்த அவர், 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மலேரியா என்னும் சொல்லுக்கே தீய காற்று என்பதுதான் பொருள். சதுப்பு நிலக் காற்றே அக்காய்ச்சலைத் தருவதென்று கற்றோரும் நெடுங்காலம் நம்பினர். 1880-இல் லாவரான் கண்ட நோய்க்கிருமியை ராஸும் முதலில் ஐயுற்றார்; 1894-இல் மான்சன் கண்ணாரக் காட்டிய பின்னரே தெளிந்தார். தவறு உணர்ந்து திருந்திய அவ்வுள்ளமே அவரை உயர்த்தியது. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றினுள் அக்கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை ஆராய்ந்து, கொசுக்கடியே நோயைப் பரப்புவதென நிறுவினார். 1902-இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் பொய்க்கருத்து எளிதில் மாயவில்லை. கொசுவை அடியோடு ஒழித்தல் இயலாது, ஆதலின் முயற்சியே வீண் என்றனர் சிலர். ராஸ் கணிதத்தால் விடையிறுத்தார். கொசுக்கள் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தாற் போதும். நோய் தானே தேய்ந்தொழியும் என்று 1911-இல் சமன்பாடுகளால் விளக்கினார். அவ்வழி வந்த இன்றைய அறிஞர்கள், நோயுடன் வதந்தி பரவும் வேகத்தையும் சேர்த்தே கணிக்கின்றனர்.

1932-இல் ராஸ் மறைந்தார். தேங்கிய நீரை அகற்றுவதும், ஆராயாத செய்தியைப் பிறர்க்குரையாமையுமே இந்நகர்வாழ் நாம் அவர்க்குச் செலுத்தும் நன்றியாகும்.