நம் அயலார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

யூபிலி மலர்களில் புனிதர்களின் வரலாறும், பங்கை வளர்த்த குருக்கள், கன்னியரின் நினைவும் இடம்பெறுவது வழக்கம். திருமுழுக்குப் பெறாத ஓர் அம்மையாரின் வாழ்வை எழுத நாம் முற்பட்டபோது, மலர்க் குழுவினர் சிலர் சற்றே தயங்கினர். எரிக்கோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாய் நின்றவன் குருவும் அல்லன், லேவியனும் அல்லன், ஒரு சமாரியனே என்று போதித்தவர் நம் ஆண்டவர் அல்லரோ? அடையாற்றில் வாழ்ந்து, நம் குடும்பங்கள் பலவற்றின் துயர் துடைக்கும் பணியை விட்டுச் சென்ற ஓர் அயலாரை நாம் மறப்பது நன்றன்று.

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்விமான். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் இருந்த குலத்தில் வந்தவர். அந்தக் குலத்துப் பெண்களைச் சமூகம் எப்படி நோக்கியது என்பதைச் சிறுமி தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது மன்னரே இடம் அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பொதுப்பணிக்குத் தடை இருத்தலாகாது, இருவரும் சமமாய் வாழ வேண்டும் என்ற உறுதி பெற்ற பின்னரே அம்மணத்திற்கு இசைந்தார் என்பர்.

மருத்துவராக அவர் கண்ட நோய்கள் பலவற்றிற்கு மருந்துப் புட்டியில் விடை இல்லை. பால்ய விவாகத்தால் உடல் நலிந்த சிறுமியர், பேறுகாலத்தில் மடிந்த தாய்மார், பசியால் வாடிய பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்குச் சட்டமும் வேண்டும், மனமாற்றமும் வேண்டும் என்று உணர்ந்தார். அவ்வேளையில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். அச்சபையின் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1927இல் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தெரிந்துகொண்டனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சிகிச்சை, பெண்களின் மண வயதை உயர்த்துதல் முதலியவற்றை அங்கே அவர் இடைவிடாது வலியுறுத்தினார்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொணர்ந்த தீர்மானத்திற்கு எதிர்ப்பு பலத்தது. மரபைக் காக்க விழைந்த பெரியோர் எதிர்த்தனர். தங்கள் கலையும் பிழைப்பும் போய்விடுமே என்று அக்குலப் பெண்களிலேயே பலர் எதிர்த்தனர். அவர்களின் அச்சமும் புறக்கணிக்கத் தக்கதன்று. கோயில் பணியோடு பிணைந்திருந்த மானிய நிலங்கள் அப்பெண்களுக்கே உரிமையாக 1929இல் வழி பிறந்தது. முழுத் தடைச் சட்டமோ 1947இல்தான் வந்தது. 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. அக்காலத்தில் புகலிடம் தேடி வந்த பெண்பிள்ளைகளை ஏற்கும் விடுதிகள் இல்லை என்று கண்டு, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லம். சாதி வேறுபாடின்றிப் பெண்பிள்ளைகளை ஏற்ற அவ்வில்லம் பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். வேறு நோயென்று கருதிச் சிகிச்சை அளித்ததில் காலம் கடந்துவிட்டிருந்தது. கண்ணெதிரே தங்கை துடித்ததைக் கண்ட மருத்துவரின் வேதனையை நாம் சொல்லத் தேவையில்லை. அன்று கொண்ட எண்ணம் நிறைவேறப் பல்லாண்டுகள் பிடித்தன. சாகப்போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டியபோது அம்மையாருக்கு வயது 66. 1954 ஜூன் 18இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் தாம் இறக்கும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். ஏழைகள் திருப்பி அனுப்பப்படக் கூடாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

1968 ஜூலை 22ஆம் நாள் அம்மையார் இவ்வுலகை நீத்தார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, அச்செய்தியைத் திருத்தூதர்களுக்கு எடுத்துச் சென்ற புனித மகதலா மரியாவைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. 82 வயது நிறைவதற்கு 8 நாட்களே இருந்தன.

இனி நம்மைக் குறித்து ஒரு வார்த்தை. நம் பங்கில் தனியே வாழ்ந்த வயதான தாயார் ஒருவருக்கு மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றோம். இரண்டாண்டுகளாக மார்பில் இருந்த கட்டியை அவர் கூச்சத்தால் மறைத்தார். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளும் அறியவில்லை. செபம் சொன்னோம், ஆசீர் அளித்தோம், உடல் நலம் எப்படி அம்மா என்று உட்கார்ந்து கேட்டோமில்லை. அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய அன்று, எரிக்கோ வழியில் விலகிச் சென்ற குரு யாரென்று நமக்குத் தெரிந்தது.

ஆதலால் பங்குப் பேரவையின் முன் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். கோபுர விளக்குகளுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை, தனித்து வாழும் முதியோர் இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை செல்லும் செவிலியர் ஒருவருக்கும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டிச் செலவுக்கும் மாற்றுவோம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கும்போது பெண்களிடம் பெண்களே நலம் விசாரிக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் வயதாயிற்றே என்று ஒதுங்க வேண்டாம். 66 வயதில் அடிக்கல் நாட்டக் கண்ட அம்மையார் நமக்கு அயலில்தான் வாழ்ந்தார். கோபுரம் சற்று மங்கலாக இருந்தாலும் ஆண்டவர் வருந்தமாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.