ஒரே ஓர் இலத்திரனின் ஏற்றத்தை அளந்த ரொபேட் மில்லிக்கன் (1868 – 1953)



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காலையில் இறங்கும் பனிமூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளியின் பாகுநிலை காரணமாக அதன் நுண்துளிகள் மிக மெதுவாகவே கீழிறங்குகின்றன. இவ்வாறு மெதுவாக விழும் துளிகளைக் கொண்டே மில்லிக்கன் இலத்திரனின் ஏற்றத்தை அளந்தார்.

பிறப்பும் கல்வியும்

மில்லிக்கன் 1868 மார்ச் 22 ஆம் திகதி அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். 1895 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1896 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியில் இணைந்தார்.

எண்ணெய்த்துளிப் பரிசோதனை

1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். எனினும் அதன் ஏற்றம் திருத்தமாக அறியப்படவில்லை. மில்லிக்கன் முதலில் நீர்த்துளிகளைப் பயன்படுத்தினார். அவை விரைவில் ஆவியானமையால் 1909 இல் எண்ணெய்த்துளிகளுக்கு மாறினார். அவரது மாணவர் ஹாவி பிளெச்சர் இப்பணியில் துணைநின்றார். ஆயினும் 1910 இல் வெளியான கட்டுரையில் பிளெச்சரின் பெயர் ஆசிரியராக இடம்பெறவில்லை.

இரு உலோகத் தட்டுகளுக்கிடையே துளி விழும் வேகமும், மின்புலத்தால் அது மேலெழும் வேகமும் அளக்கப்பட்டன. ஒவ்வொரு துளியின் ஏற்றமும் ஒரு சிறிய பெறுமானத்தின் முழுவெண் மடங்காகவே இருந்தது. ஐந்து ரூபாய்க் குற்றிகள் மட்டுமே உள்ள பையில் ஏழு ரூபாய் இருக்க முடியாதல்லவா? அதுபோலவே அரை இலத்திரன் ஏற்றம் கொண்ட துளி எதுவும் இல்லை.

பெறுபேறும் குறைகளும்

1913 இல் அவர் கண்ட பெறுமானம் 1.592 × 10⁻¹⁹ கூலோம். 2019 முதல் இது 1.602176634 × 10⁻¹⁹ கூலோம் என வரையறுக்கப்பட்டுள்ளது. அவர் பயன்படுத்திய வளியின் பாகுநிலைப் பெறுமானம் சற்றுப் பிழையானதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். கொழுந்து நிறுக்கும் தராசு பிழைத்தால் எல்லோருடைய நிறையும் பிழைப்பது போன்றதே இது.

மேலும், தாம் ஆராய்ந்த துளிகள் எல்லாம் 58 என அவர் எழுதினார். ஆனால் அவரது குறிப்பேடுகளில் அதனிலும் அதிகமான துளிகளின் வாசிப்புகள் உள்ளன. செய்முறைப் பரீட்சையில் நீங்கள் பெறும் வாசிப்பு எதையும் மறைக்காதீர்கள்.

1923 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953 டிசம்பர் 19 ஆம் திகதி காலமானார்.

இன்றைய பயன்

தனி இலத்திரன் திரான்சிற்றர் முதன்முதலில் 1987 இல் செய்யப்பட்டது. அதிலுள்ள நுண்ணிய உலோகத் தீவினுள் ஓர் இலத்திரன் புகுந்தால், அதன் ஏற்றம் அடுத்ததைத் தடுக்கும். இத்தடை நிலைக்க e²/2C ஆனது kT யிலும் மிகப் பெரிதாதல் வேண்டும். எனவே கொள்ளளவம் C மிகச் சிறிதாகவோ வெப்பநிலை T மிகத் தாழ்வாகவோ இருத்தல் அவசியம். இத்தகைய சுற்றுகளைக் கணினியில் பாவனை செய்து பார்க்கும்போது, ஒவ்வோர் இலத்திரனின் தாவலும் நிகழ்தகவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அக்கணிப்புகள் யாவற்றிலும் மில்லிக்கன் அளந்த e இடம்பெறுகிறது.

பயிற்சி வினாக்கள்

1. நீர்த்துளிக்குப் பதிலாக எண்ணெய்த்துளி பயன்படுத்தப்பட்டது ஏன்?
2. C = 1 × 10⁻¹⁸ பரட் எனின், e²/2C யைக் கணித்து, 300 கெல்வினில் kT யுடன் ஒப்பிடுக.