சினம் தணிந்த ஊரில் பிறந்தவர்

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணியை அறியாதவர் உண்டா? சூரனை வென்ற முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த மலை அது என்பது ஐதீகம்.

அந்த ஊரில்தான் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். இந்தியாவின் ஜனாதிபதியாக உயர்ந்தார். மாற்றுக் கருத்து உடையவரோடும் சினம் இல்லாமல் பேசத் தெரிந்தவர் அவர்.

ஆசிரியருக்குப் பதில்

ஏழைக் குடும்பம். உதவிச் சம்பளம் பெற்றே படித்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். வேதாந்தத்தில் நல்லொழுக்கத்துக்கு இடம் இல்லை என்று அந்த நாளில் பாதிரிமார்கள் குறை கூறுவது உண்டு. இளைஞரின் மனம் புண்பட்டது.

அவர் சண்டைக்குப் போகவில்லை. நூல்களைத் தேடிப் படித்தார். 1908-ல் எம்.ஏ. பரீட்சைக்காக, வேதாந்தம் கூறும் ஒழுக்கநெறி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதுவே அவருடைய பதில்!

பேராசிரியர் ஹாக் கோபித்துக்கொள்வாரோ என்று உள்ளூரப் பயம். ஹாக் கோபிக்கவில்லை. மாணவரைப் பாராட்டி நற்சான்று கொடுத்தார். மாணவர் பணிவோடு மறுத்தார். ஆசிரியர் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார்.

வண்டி இழுத்த மாணவர்கள்

பிறகு அவரே மைசூரில் பேராசிரியர் ஆனார். வீட்டுக்கு வரும் மாணவர்களுக்குத் தேநீர் கொடுப்பார். நெடுநேரம் அவர்களோடு பேசுவார். 1921-ல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் ஒரு வண்டியைப் பூவால் அலங்கரித்தார்கள். அதில் அவரை உட்கார வைத்து, ரயில் நிலையம் வரை தாங்களே இழுத்துச் சென்றார்கள்!

ஸ்டாலின் முன்னிலையில்

1949-ல் ரஷ்யாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். ஸ்டாலின் பெயரைக் கேட்டாலே பலர் நடுங்கிய காலம் அது. 1950 ஜனவரியில் இருவரும் சந்தித்தார்கள். போரில் வென்றபின் மனம் மாறி, வாளைக் கீழே போட்ட அசோகச் சக்கரவர்த்தியின் கதையை ராதாகிருஷ்ணன் எடுத்துச் சொன்னார். அந்த மனிதரிடம் நேருக்கு நேர் சொல்லக்கூடிய கதையா அது? ஆனால் ஸ்டாலின் கோபப்படவில்லை. புன்னகை செய்தார். சொன்னது கடுமையான செய்திதான். சொன்ன விதம் அன்பானது.

1952 முதல் 1962 வரை ராஜ்யசபைக்குத் தலைமை வகித்தார். விவாதம் சூடேறினால் ஒரு சுலோகம் சொல்வார். அல்லது பைபிளிலிருந்து ஒரு வாசகம் சொல்வார். சபை அமைதி அடையும்.

1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி அவர் சென்னையில் காலமானார்.

மகன் எதிர்த்துப் பேசினால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. மருமகள் ஒரு யோசனை சொன்னால் மாமியாருக்குப் பொறுப்பதில்லை. அப்போது ஹாக்கையும் அவர் மாணவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் பணிவாகச் சொல்லட்டும். கேட்பவர் முழுவதும் கேட்கட்டும். நம் வீடும் ஒரு திருத்தணி ஆகும்.