கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 1961) தமிழ்நாட்டில் பிறந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி. வி. இராமனுடன் இணைந்து உழைத்தவர் என்றே இவர் பெரும்பாலும் அறியப்படுகிறார். எனினும், படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்து 1928க்குப் பின் இவர் தம் மாணவர்களுடன் நடத்திய ஆய்வுகளே அறிவியல் உலகில் இவருக்குத் தனி இடத்தைப் பெற்றுத் தந்தன.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் உயர்கல்வியும் பெற்றார். பின்னர் கல்கத்தா சென்ற இவர், 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

இராமனுடன் ஆய்வுகள்

நீர்மங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, மூலக்கூறுகளின் பண்புகள் திசைக்குத் திசை வேறுபடுவது கிருஷ்ணனின் கவனத்தை ஈர்த்தது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட நீர்மங்களின் ஒளியியல் பண்புகள் குறித்து இருவரும் 1927இல் கட்டுரை வெளியிட்டனர். புதிய வகைச் சிதறல் ஒளியைப் பற்றி 1928இல் நேச்சர் இதழில் வெளிவந்த கட்டுரையிலும் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

படிகக் காந்தவியல்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துணைப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். சத்தியேந்திர நாத் போசு அப்போது அங்கே பேராசிரியராக இருந்தார். படிகங்கள் காந்தப்புலத்தில் குறிப்பிட்ட திசையில் திரும்பி நிற்பதைப் பாரடே 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். அவ்விளைவைத் துல்லியமாக அளந்து, படிகத்தின் உள்ளமைப்பை அறியும் கருவியாக மாற்றியதே கிருஷ்ணனின் பங்களிப்பாகும்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. சிறு படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிடப்பட்டு, சீரான காந்தப்புலத்தில் வைக்கப்படும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகும்போது படிகமும் சிறிது திரும்பும். ஆனால் காந்தப்புலம் அதைப் பழைய நிலைக்கே இழுக்கும். படிகம் 45 பாகை திரும்பியதும் இவ்விழுவிசை உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் திருகினால் படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த நிலைக்கு வர இழையை எவ்வளவு திருக வேண்டும் என்பதிலிருந்து, இரு திசைகளுக்கிடையே காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணக்கிடலாம்.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற சேர்மங்களின் மூலக்கூறுகள் தட்டையானவை. இவை டயா காந்தப் பொருள்கள். அதாவது காந்தப்புலத்தால் சிறிதளவு விலக்கப்படுபவை. மூலக்கூறின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் இவ்விலக்கம் மிகுதி. ஆகவே படிகத்தின் காந்தப் பண்பை மூன்று திசைகளில் அறிந்தால், உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதை உய்த்தறியலாம். ஒவ்வோர் அணுவின் இடத்தையும் இம்முறை காட்டாது. அதற்கு எக்சு-கதிர் ஆய்வு தேவை. ஆயினும் இரு முறைகளும் ஒன்றுக்கொன்று துணைநின்றன. எக்சு-கதிர்ப் படிகவியலாளர் காத்லீன் லான்சுடேலுடன் இணைந்து 1936இல் கிருஷ்ணன் இதுபற்றிக் கட்டுரை எழுதினார்.

கிருஷ்ணன், பி. சி. குகா, எசு. பானர்ஜி ஆகியோரின் முதல் விரிவான கட்டுரை 1933இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தா திரும்பினார். பாரா காந்த உப்புகளில், உலோக அயனியைச் சூழ்ந்த அணுக்களின் மின்புலம் அதன் காந்தப் பண்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அங்கு ஆராய்ந்தார். கிராபைட்டில் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காணப்படும் மிகுந்த டயா காந்தப் பண்பு, அடுக்குகளினூடே இயங்கும் கட்டற்ற எலக்ட்ரான்களால் விளைவது என்பதையும் இவருடைய குழு விளக்கியது.

பிற்காலம்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1947இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, இறுதிவரை அப்பதவியில் இருந்தார். நிருவாகப் பணிகளுக்கிடையே, சூடான பொருள்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவது பற்றி ஆய்வு செய்தார். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

சிறப்புகள்

1940 – அரச கழக உறுப்பினர்
1946 – சர் பட்டம்
1954 – பத்ம பூசண் விருது
1958 – சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு (இப்பரிசைப் பெற்ற முதல் அறிவியலாளர்)