ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்த பிரிட்டிஷ் அமைச்சர்... யூதர் என்பதால் குறிவைக்கப்பட்டது ஏன்? யார் இந்த மாண்டேகு?

கே.ஜி.கண்டிகையில் இருந்து சென்னை வரை, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர் மாண்டேகு. 1919 மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம், இரட்டை ஆட்சி. பெரும்பாலும் அதோடு பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு கதை இருக்கிறது.

யார் இவர்?

எட்வின் மாண்டேகு 1879-ல் லண்டனில், வசதியான யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1906-ல் லிபரல் கட்சி எம்.பி. ஆனார். அப்பா மதப்பற்று மிக்கவர். மகனுக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. யூத மதத்தில் பிறந்த ஆங்கிலேயர் என்றே தன்னைக் கருதினார். 1917 ஜூலையில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சரானார்.

அது என்ன பழி?

யூதர்கள் எங்கே பிறந்தாலும் அந்த நாட்டுக்கு உண்மையாக இருக்க மாட்டார்கள் என்பது ஐரோப்பாவில் பல காலமாகப் பரப்பப்பட்ட பொய். பிரான்ஸில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி, ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாக 1894-ல் தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று தீர்ப்பு வர 12 வருடங்கள் ஆயின.

பால்ஃபோர் பிரகடனத்தை எதிர்த்தது ஏன்?

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு தரத் தயாரானபோது, அரசுக்குள் கடுமையாக எதிர்த்தவர் மாண்டேகு. உங்கள் நாடு அங்கே இருக்கிறதே, இங்கே ஏன் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு நாட்டிலும் யூதர்களைக் கேட்பார்களே என்பதுதான் அவர் பயம். மற்ற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமை பாதிக்கப்படாது என்ற வரி பிரகடனத்தில் இடம்பெற அவரது எதிர்ப்பும் ஒரு காரணம். 1917 நவம்பர் 2-ல் பிரகடனம் வெளியானது. அப்போது அவர் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். டிசம்பரில் சென்னைக்கும் வந்து பல தரப்பினரைச் சந்தித்தார்.

நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது?

1919 ஏப்ரல் 13. ஜெனரல் டயர் உத்தரவிட்ட துப்பாக்கிச் சூட்டில், அரசுக் கணக்கின்படியே 379 பேர் பலி. 1920 ஜூலை 8-ல் இதுபற்றி விவாதம் நடந்தபோது, டயர் செய்தது பயங்கரவாதம் என்று மாண்டேகு வெளிப்படையாகக் கண்டித்தார். உடனே கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கூச்சல் போட்டார்கள். அதில் யூத வெறுப்பு அப்பட்டமாகத் தெரிந்ததை அன்று அங்கிருந்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே மாதம் மார்னிங் போஸ்ட் நாளிதழ், டயருக்காக நிதி திரட்டியது. 26,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. உலகக் குழப்பங்களுக்கெல்லாம் யூதர்களின் சதியே காரணம் என்ற தொடரையும் அது வெளியிட்டது. அந்தத் தொடர் நம்பிய ஆவணம் போலி என்பதை 1921-ல் லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்தியது.

யாருக்கு நஷ்டம்?

ஓட்டெடுப்பில் அரசு வென்றது. ஆனால் 379 பேர் ஏன் இறந்தார்கள் என்பதைவிட, கண்டித்தவர் யார் என்பது பெரிய பேச்சாகிப்போனது. பிரபுக்கள் சபையோ டயருக்கு ஆதரவாகவே வாக்களித்தது. நஷ்டம் மாண்டேகுவுக்கு மட்டும் இல்லை, அமிர்தசரஸில் நியாயம் கேட்டு நின்றவர்களுக்கும்தான்.

1922 மார்ச்சில், இந்திய அரசின் தந்தி ஒன்றை அமைச்சரவை அனுமதி இல்லாமல் வெளியிட்டதற்காகப் பதவி பறிபோனது. அதே ஆண்டு தேர்தலிலும் தோற்றார். 1924-ல் இறந்தபோது வயது 45.

செய்த தவறைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் பதில் சொல்லலாம். பிறப்பையே குற்றமாக்கினால்? எத்தனை வருடம் பதவியில் உழைத்தும் அந்தச் சந்தேகத்தை மாண்டேகுவால் துடைக்க முடியவில்லை.