காட்டுக்குள் நடந்த கற்பனை

தமிழ்த் திரைக்கு அறிவியல் புனைவு அண்மைக்கால வரவு என்று எண்ணுவோர் பலர். ஆனால், 1952-ஆம் ஆண்டிலேயே 'காடு' வெளிவந்துவிட்டது. அதற்கு வழிவகுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம்.

1907-இல் திருச்செங்கோட்டில் பிறந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்றவர். ஆயினும், அவருடைய நாட்டம் திரைத்தொழிலில் நிலைத்தது. 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவி, அதை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நேரந்தவறாமையும் செலவுக் கணக்கும் அங்கே மீறமுடியாத சட்டங்கள்.

கணக்குப் பார்ப்பவர் துணிந்து இறங்கமாட்டார் என்பது பொதுவான எண்ணம். சுந்தரத்தின் வாழ்க்கை அதை மறுக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அவருடைய தயாரிப்புகளே. சிக்கனமே அவரது துணிவுக்கு முதலாக அமைந்தது.

அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து அவர் தயாரித்த 'காடு' திரைப்படத்தை இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்தனர். யானைக் கூட்டங்கள் மிரண்டோடி ஊர்களை அழிப்பதன் காரணத்தைத் தேடிக் காட்டுக்குள் செல்லும் குழு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமூத்துகளைக் காண்கிறது. கணினி வரைகலை இல்லாத காலம். உயிருள்ள யானைகளுக்கே உரோமப் போர்வை அணிவித்து மாமூத்துகளாக்கினர். இன்று பார்ப்பவருக்கு அந்த வேடம் எளிதில் புலப்படும். ஆனாலும் ஈர்ப்பு குறையவில்லை. நாம் நன்கறிந்த யானையே அறியாத விலங்காக மாறி எதிரே நிற்கும்போது எழும் வியப்பு, தொழில்நுட்பத்தோடு பழமையடைவதில்லை.

சுந்தரம் 1963-இல், தமது 56-ஆவது வயதில் மறைந்தார். அவருடைய படப்பிடிப்புத் தளங்கள் இன்றில்லை. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியிருக்கிறது.

எங்கள் வல்லத்துக்கு அருகிலுள்ள செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அரசர் எழுப்பிய கல்லைக் காப்பதில் பெருமை கொள்கிறோம், அது நியாயமே. படச்சுருள் கல்லைவிட விரைவில் அழியக்கூடியது. 'காடு' போன்ற படங்களைத் தேடித் திரட்டி, எண்மமாக்கி, பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அரசின் கடமை. ஒரு தலைமுறையின் கற்பனையும் பாரம்பரியச் சொத்துதான்.