அகராதியில் கிடைக்காத அர்த்தம்
(அறிஞர் பார்-ஹில்லல் வாழ்க்கை வரலாறு)

ஆண்டு மலர் என்றால் எடிசன், சர் சி.வி. ராமன், மேரி கியூரி என்று யாராவது ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். நானும் அப்படி ஒரு வரலாறுதான் எழுத வந்தேன். நான் எடுத்துக்கொண்டவர் யெஹோஷுவா பார்-ஹில்லல். கணிப்பொறியும் மொழியும் சேர்கிற துறையில் அவர் பெயர் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முதலில் என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இங்கே வந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தபோது புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஒரு சின்ன அகராதி வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுவேன். 'மேக்னடிக் ஃபீல்டு' என்று ஒரு பாடம். மேக்னட் என்றால் காந்தம், ஃபீல்டு என்றால் வயல். காந்த வயல்! பள்ளிக்கூடத்தில் காந்தப்புலம் என்று படித்ததுதான் இது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், காந்தத்துக்கு வயல் இருக்காம்பா என்று சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார். காந்தத்துக்கு ஏதுடா வயல், அது எவ்வளவு தூரம் இழுக்குமோ அந்த இடத்தைச் சொல்றாங்களா இருக்கும் என்றார்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் சரியான அர்த்தம் அவருக்குக் கிடைத்தது. அகராதி வைத்திருந்த எனக்குக் கிடைக்கவில்லை. இது எப்படி? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னவர்தான் பார்-ஹில்லல்.

வியன்னா முதல் ஜெருசலேம் வரை

1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஆஸ்கார் வெஸ்ட்ரைக். வளர்ந்தது ஜெர்மனியின் பெர்லினில். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அதே ஆண்டில் ஆஸ்கார் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். நம் வயதுதான் அவருக்கு, ஏறக்குறைய பதினெட்டு! அங்கேதான் பார்-ஹில்லல் என்ற பெயர் வந்தது.

ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கணிதமும் படித்தார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் யூதப் படைப்பிரிவில் பணியாற்றினார். அதன்பின் 1948-இல் நடந்த போரில் ஒரு கண்ணை இழந்தார். ஒரு கண் போனாலும் அவருடைய படிப்பு நிற்கவில்லை. ருடால்ஃப் கார்னப் என்ற தத்துவ அறிஞரின் எழுத்துகள் அவரை இழுத்தன. கணக்குப் போடுவது போல மொழியை ஆராய முடியுமா என்பதே அவர் மனதைப் பிடித்துக்கொண்ட கேள்வி. பிற்பாடு அதே கார்னப்புடன் சேர்ந்து, ஒரு வாக்கியத்தில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று அளப்பது பற்றி 1952-இல் ஓர் ஆய்வறிக்கையும் எழுதினார். படித்து வியந்த மனிதரோடு சேர்ந்து எழுதும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பதினெட்டுப் பேர் கூடிய கூட்டம்

அந்தக் காலகட்டத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆசை கிளம்பியிருந்தது. போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை இயந்திரத்தின் உதவியோடு உடைத்தார்கள் அல்லவா? அப்படியானால் ரஷ்ய மொழியையும் ஒரு ரகசியக் குறியீடு மாதிரி நினைத்து, இயந்திரத்தை வைத்தே ஆங்கிலமாக்கிவிட முடியாதா? வாரன் வீவர் என்பவர் 1949 ஜூலையில் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிப் பல அறிஞர்களுக்கு அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1951-இல் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகம், இயந்திர மொழிபெயர்ப்பை மட்டுமே முழுநேர வேலையாக ஆராய ஓர் ஆளை நியமித்தது. உலகத்திலேயே அந்த வேலைக்கு முதல் ஆள் நம் பார்-ஹில்லல்தான்.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டினார். 1952 ஜூன் 17 முதல் 20 வரை எம்.ஐ.டி.யில் நடந்த அந்தக் கருத்தரங்குதான் இயந்திர மொழிபெயர்ப்புக்காக உலகில் நடந்த முதல் கருத்தரங்கு. செலவுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் தந்தது. வந்தவர்கள் மொத்தம் 18 பேர். இன்று கணிப்பொறி மொழியியல் மாநாடு என்றால் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அதற்கெல்லாம் ஆரம்பம், ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய இந்தப் பதினெட்டுப் பேர்தான்!

லண்டனிலிருந்து கணிப்பொறி நிபுணர் பூத் வந்தார். சீன மொழி அறிந்த ரைஃப்லர் வந்தார். நூரெம்பர்க் விசாரணையில் பேசப் பேசவே மொழிபெயர்க்கும் ஏற்பாட்டைச் செய்த டோஸ்டெர்ட்டும் வந்தார். மொழி தெரிந்தவருக்கு இயந்திரம் தெரியாது, இயந்திரம் தெரிந்தவருக்கு மொழியியல் தெரியாது. இரு கூட்டத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததே பார்-ஹில்லல் செய்த பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. இயந்திரம் தனியாகச் செய்ய முடியாவிட்டால், அதற்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மனிதர் திருத்திக் கொடுக்கலாமா, வெளியே வந்த பிறகு திருத்தலாமா என்பதைக்கூட அங்கே விவாதித்தார்கள்.

சந்தேகத்தோடு வந்த டோஸ்டெர்ட் ஆர்வத்தோடு திரும்பிப் போனார். 1954 ஜனவரி 7-ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து, 250 வார்த்தையும் 6 விதியும் மட்டும் வைத்துக்கொண்டு ரஷ்ய வாக்கியங்களை இயந்திரத்தால் ஆங்கிலமாக்கிக் காட்டினார். பத்திரிகைகள் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதின. இன்னும் சில வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அரசாங்கப் பணமும் கொட்டியது.

பார்-ஹில்லல் 1953-லேயே ஜெருசலேம் திரும்பிவிட்டார். வாக்கியத்தை ஆராய ஒரு அருமையான முறையைக் கண்டுபிடித்து அந்த ஆண்டே வெளியிட்டார். பின்னங்களில் மேலேயும் கீழேயும் உள்ளதை அடித்துக் கழிப்போமே, அது போல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குறியீடு கொடுத்து, கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் வாக்கியம் என்ற குறி மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் இலக்கணம் சரி, இல்லாவிட்டால் தப்பு. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் மேற்படிப்புக்குப் போனால் 'பம்பிங் லெம்மா' என்று ஒன்று படிப்பார்கள். அதைச் சூழலற்ற இலக்கணங்களுக்கு நிறுவி 1961-இல் வெளியிட்ட மூவரில் ஒருவர் இவர். மற்ற இருவர் பெர்லெஸ், ஷாமிர்.

பெட்டி எதற்குள் இருந்தது?

நண்பர்களே, இனிமேல்தான் முக்கியமான கட்டம். 1958-இல் பார்-ஹில்லல் அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சி நடக்கும் இடங்களை நேரில் போய்ப் பார்த்தார். 1959-இல் அறிக்கை தந்தார். 1960-இல் அது விரிவாக அச்சில் வந்தது. அதில் அவர் சொன்னது எல்லோர் தலையிலும் இடி மாதிரி இறங்கியது. மனித உதவியே இல்லாமல், எல்லா விதமான எழுத்தையும், நல்ல மொழிபெயர்ப்பாளர் தரத்துக்கு இயந்திரம் மொழிபெயர்ப்பது நடக்காத காரியம், அந்தக் குறிக்கோளை விட்டுவிடுங்கள் என்று எழுதிவிட்டார்.

எதிர்ப்பக்கத்து ஆள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. முதல் முழுநேர ஆராய்ச்சியாளர், முதல் கருத்தரங்கைக் கூட்டியவர், அவரே சொல்கிறார்!

அதற்கு அவர் காட்டிய சாட்சி ஒரு குட்டிக் கதை. ஒரு சின்னப் பையன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். கடைசியில் கிடைத்துவிடுகிறது. பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் பென் என்றால் எழுதுகிற பேனா. குழந்தையை விளையாட விடுகிற சிறு அடைப்புக்கும் அதே பெயர்தான். எந்தப் பென்? பேனாவுக்குள் பெட்டி எப்படிப் போகும், அடைப்புதான் என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் பேனா எவ்வளவு பெரிசு, பெட்டி எவ்வளவு பெரிசு என்பது அகராதியிலும் இல்லை, இலக்கணத்திலும் இல்லை. உலகத்தில் வாழ்ந்து பார்த்தவனுக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவுக்கோ எல்லையே கிடையாது. அத்தனையையும் இயந்திரத்துக்கு எழுதிக் கொடுப்பது எப்படி என்பதே அவருடைய வாதம்.

நம் தமிழிலேயே நான் யோசித்துப் பார்த்தேன். படியில் அரிசி இருக்கிறது, படியில் பாட்டி இருக்கிறார். முதல் படி அளக்கிற படி, இரண்டாவது வாசல் படி. அளக்கிற படிக்குள் பாட்டி உட்கார முடியாது என்று எந்த அகராதி சொல்கிறது? என் அப்பா காந்தத்தைக் கையில் வைத்து விளையாடியிருக்கிறார், வயலிலும் இறங்கியிருக்கிறார். அதனால் காந்தத்துக்கு வயல் இருக்காது என்று அவருக்கு உடனே பட்டது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!

1958 நவம்பரில் இங்கிலாந்தின் டெடிங்டனில் நடந்த கருத்தரங்கிலும் அவர் இப்படித்தான் நடந்துகொண்டார். ஜான் மெக்கார்த்தி என்ற இளம் அறிஞர், பொது அறிவு உள்ள இயந்திரம் பற்றிக் கட்டுரை படித்தார். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போக இயந்திரம் எப்படித் திட்டமிடும் என்பது அவர் தந்த உதாரணம். பார்-ஹில்லல் எழுந்து, அதற்கு எத்தனை எத்தனை விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இது பாதி வெந்த யோசனை என்று கடுமையாகத் தாக்கினார். மெக்கார்த்தியும் பெரிய மனசுக்காரர். பின்னாளில் அதே கட்டுரையை மறுபடி வெளியிட்டபோது அந்தக் கண்டனத்தையும் சேர்த்தே வெளியிட்டார். கருத்தரங்கு என்றால் பொன்னாடை போர்த்தி, கை தட்டிவிட்டு, டீ குடித்துப் போவது மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

1966-இல் அமெரிக்க அரசுக்காக ஆராய்ந்த ஏ.எல்.பி.ஏ.சி. குழு, இயந்திர மொழிபெயர்ப்பு மெதுவானது, தரம் குறைவானது, செலவும் அதிகம் என்று அறிக்கை தந்தது. அதன்பின் அங்கே பணம் பெருமளவு நின்றுபோனது. ஆனாலும் பார்-ஹில்லல் ஒதுங்கி உட்காரவில்லை. 1964-இல் நடந்த தர்க்கம், அறிவியல் தத்துவம் பற்றிய உலக மாநாட்டின் கட்டுரைகளைத் தொகுத்தவரும் அவர்தான். அந்த மாநாடு ஜெருசலேமிலேயே நடந்தது. நான், இங்கே, இப்போது போன்ற சொற்களுக்கு, யார் எங்கே எப்போது பேசுகிறார் என்று தெரியாமல் அர்த்தமே இல்லை என்று 1954-லேயே எழுதியவர் அவர். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1970-இல் பேச்சு வழக்கில் பொருள் பிறப்பது பற்றி ஜெருசலேமில் ஒரு கருத்தரங்கம் கூடியது. 1971-இல் தம் கருத்தையே கொஞ்சம் தளர்த்தி, எவ்வளவு தரம் போதும் என்பது யாருக்கு எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது என்றார். 1975 செப்டம்பர் 25-ஆம் தேதி, தம் 60-வது வயதில் ஜெருசலேமில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

இன்று நம் கைபேசியே மொழிபெயர்க்கிறது. யாரும் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்காமல், கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து இயந்திரம் தானே பழகிக்கொள்ளும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த வகையில் அவர் கணக்கு தப்பிப் போச்சு என்று சொல்லலாம். ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியது அவர்தான். சிக்கல் வார்த்தையில் இல்லை, உலகத்தைப் பற்றிய அறிவில் இருக்கிறது என்று அவர் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் வேலை செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. போன செமஸ்டர் லேப்பில் ஆம்ப்ளிஃபையர் பரிசோதனை. எனக்கு ரீடிங் சரியாக வரவில்லை, குறைந்த அதிர்வெண்ணில் கெயின் விழுந்துபோனது. நண்பனுடைய ரீடிங்கைக் காப்பி பண்ணி அழகான கிராஃப் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். இதற்கு முன்னால் அப்படிச் செய்தவன்தான் நான், ஒளிக்கவில்லை. அன்று ஏனோ பார்-ஹில்லல் ஞாபகம் வந்தார். ஊரே நடந்துவிடும் என்று சொல்லும்போது, தன் சொந்தத் துறையில் நடக்கவில்லை என்று எழுதிய மனிதர்! வந்த ரீடிங்கையே எழுதினேன். மார்க் குறைந்தது. ஆனால் ஏன் வரவில்லை என்று திரும்ப உட்கார்ந்து பார்த்தபோது, 10 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் போட வேண்டிய இடத்தில் நான் 0.1 போட்டிருந்தது தெரிந்தது. காப்பி அடித்திருந்தால் அந்த கெபாசிட்டர் எதற்கு இருக்கிறது என்பது எனக்குக் கடைசி வரை தெரியாமலேயே போயிருக்கும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நம்மை நம்பித்தான் பலர் இருக்கிறார்கள், அதனால் எல்லாம் சரியாக வருகிறது என்று காட்டிக்கொள்ளவே ஆசை வரும். வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதுவோம். ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவோம். புரியாத வார்த்தைக்கு அகராதியைப் பார்ப்போம், கூடவே வீட்டில் அப்பா அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்போம்.

வாழ்க பார்-ஹில்லல் புகழ்!